காற்று போன பிறகும் ஓடும் டயர்: லைட் எரிந்ததும் குறித்துக்கொள்ள வேண்டிய ஓர் எண்

இரவு பத்தரை மணிக்கு மனைவியின் தம்பி போன் செய்தான். திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தவன் திண்டிவனம் தாண்டி ஓரமாக நிறுத்தியிருந்தான். "மாமா, மீட்டர்ல மஞ்சளா ஒரு லைட் எரியுது. குதிரை லாடம் மாதிரி இருக்கு, நடுவுல ஆச்சரியக்குறி. இறங்கி நாலு டயரையும் பார்த்துட்டேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்படியே வந்துடவா?"

அவன் அந்த வண்டியை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கைமாறி வந்த ஜெர்மன் கார், காற்று போன பிறகும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் போட்டது. தூக்கக் கலக்கத்தில் நான், "சென்சார் கோளாறா இருக்கும்டா, பார்த்து வா" என்று சொல்லிவிட்டேன். அவனும் வழக்கம்போல நூற்றுப் பத்தில் வந்திருக்கிறான். மறைமலை நகர் பக்கம் வரும்போது பின்னாலிருந்து கடகடவென்று சத்தம், கூடவே ரப்பர் கருகும் வாடை. அங்கிருந்து வண்டி லாரி மேல் ஏறித்தான் வீடு வந்தது.

மறுநாள் டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பிரித்தபோது உள்ளேயிருந்து கறுப்பாகத் தூள் கொட்டியது. கடைக்காரர் ஒரு கை அள்ளிக் காட்டினார். பார்க்க டீத்தூள் போலவே இருந்தது. "டயரோட உள்சுவர் சார் இது. அரைச்சு எடுத்துட்டீங்க" என்றார். பஞ்சருக்குக் காரணமான ஆணி சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பட்டனின், அதாவது டயர் தரையில் படும் பகுதியின், நடுவில், ஒட்டுவதற்கு வசதியான இடத்தில்தான் குத்தியிருந்தது. ஆனால் ஒட்டுவதற்கு டயர் மிச்சமில்லை.

அவர் கேட்ட ஒரே கேள்வி, "லைட் எரிஞ்சப்புறம் எவ்வளவு கிலோமீட்டர் ஓட்டினீங்க?" இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ரன்-ஃபிளாட் டயர் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் 'பஞ்சரானாலும் ஓடும்' என்கிற ஒற்றை வரிதான். அந்த வரி பொய்யில்லை, பாதிதான். எவ்வளவு தூரம் ஓடும், என்ன வேகத்தில் ஓடும், ஓடி முடித்த பிறகு அந்த டயரின் கதி என்ன என்பதெல்லாம் மீதிப் பாதி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைத் தூக்கி நிறுத்துவது எது?

சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை ஒரு வடிவத்துக்குள் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவே. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,600 கிலோ எடையுள்ள ஒரு கார். நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 400 கிலோ. டயரில் 33 பிஎஸ்ஐ காற்று என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 2.3 கிலோ அழுத்தம். 400-ஐ 2.3-ஆல் வகுத்தால் 174 சதுர சென்டிமீட்டர் வருகிறது. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைத் தரையில் வைத்தால் வரும் அளவு. மொத்தக் காரும் நான்கு உள்ளங்கை மேல் நிற்கிறது.

காற்று இறங்கினால் தாங்க ஆளில்லை. டயரின் பக்கச்சுவர், கடைகளில் சைடுவால் என்பார்களே அது, துணி மாதிரி மடிந்துவிடும். கீழே ரோடு, மேலே ரிம், நடுவில் மடிந்த ரப்பர். கொஞ்ச தூரம் உருட்டினாலே அது கிழிந்து நாராகிவிடும். ஆணி குத்திய ஓட்டை சின்னதாக இருந்தாலும் டயர் குப்பைக்குப் போவது இதனால்தான்.

ரன்-ஃபிளாட் டயரில் மாற்றியிருப்பது இந்தச் சைடுவாலைத்தான். உட்புறம் பிறை வடிவத்தில், வெப்பத்தைத் தாங்கும் கெட்டியான ரப்பரை வைத்து அந்தச் சுவரைப் பருமனாக்கியிருப்பார்கள். காற்று இருக்கும்வரை அந்தப் பிறைக்குப் பெரிய வேலை இல்லை. காற்று போனதும் 400 கிலோவும் அதன் தலையில் இறங்கும். அது வளையும், ஆனால் மடியாது. ரிம்மும் இதற்கேற்றபடி இருக்க வேண்டும். காற்று இல்லாத டயர் திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் இருக்க, டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்கு அருகே ரிம்மில் சற்று உயரமான மேடு ஒன்று விட்டிருப்பார்கள். ஆகவே டயரை மட்டும் வாங்கி எந்த அலாய் வீலில் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1970-களிலேயே பிரிட்டனில் டன்லப் நிறுவனம் டெனோவோ என்ற டயரைக் கொண்டுவந்தது. பஞ்சரானால் உள்ளே இருக்கும் சின்னக் குப்பிகள் உடைந்து ஒரு திரவம் கசியும். அது உராய்வைக் குறைக்கும், ஓட்டையையும் ஓரளவு அடைக்கும். மினி காரின் ஒரு வகையில்கூட அதைக் கொடுத்தார்கள். பிறகு மிஷெலின் பேக்ஸ் என்று ஒரு முறை வந்தது. அதில் ரிம்மைச் சுற்றி ஒரு வளையம். காற்று போனால் டயர் அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஓடும். அமெரிக்காவில் ஹோண்டா ஒடிசி வேனின் உயர்ரக மாடலில் அது வந்தது. ஆனால் அதைக் கழற்றி மாட்டத் தனி இயந்திரமும் பழகிய ஆளும் வேண்டும். அப்படிப்பட்ட கடை ஊருக்கு ஊர் இல்லாத நிலையில் அது நிலைக்கவில்லை. கடைசியில் நின்றது கெட்டிச் சைடுவால் முறைதான். 1997-ல் வந்த செவர்லே கார்வெட் ஸ்டெப்னியையே தூக்கிவிட்டு இந்த டயருடன் விற்பனைக்கு வந்தது. 2000-களில் பிஎம்டபிள்யூ தன் பெரும்பாலான கார்களுக்கு இதையே கொடுத்தது. நம் ஊர் ரோட்டில் ரன்-ஃபிளாட்டைப் பார்க்கிறோம் என்றால் பெரும்பாலும் பிஎம்டபிள்யூ, மினி, சில மெர்சிடிஸ் கார்களில்தான்.

எண்பதுக்கு எண்பது

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த டயர் விதிகளில் ரன்-ஃபிளாட்டுக்கு ஒரு வரையறை உண்டு. காற்றே இல்லாத நிலையிலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரமாவது ஓட வேண்டும். விளம்பரங்களில் வரும் '80-க்கு 80' இதுதான்.

அதென்ன எண்பது? கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து முறை மடக்கியதும் அந்த இடம் சுடும், அப்புறம் ஒடியும். ரப்பரும் அப்படித்தான், கொஞ்சம் பொறுமைசாலி என்பதைத் தவிர. காற்றில்லாத டயரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வரும்போது வளைகிறது, மேலே போனதும் நிமிர்கிறது. நடுத்தர அளவு காரின் டயர், உதாரணத்துக்கு 17 அங்குல ரிம் உள்ளது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 500 மடக்கு. 80 கி.மீ.க்கு 40,000 மடக்கு. 80 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 11 முறை. என் மச்சினன் வந்த 110-ல் விநாடிக்கு 15.

ஒவ்வொரு மடக்கிலும் கொஞ்சம் சூடு பிறக்கிறது. அது வெளியேறுவதற்குள் அடுத்த மடக்கு வந்துவிடுகிறது. வேகம் கூடக்கூடச் சூடு சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் ரப்பர் தன் பலத்தை இழக்கிறது. பிறகு உள்சுவர் தன் மேலேயே உரசி, அரைபட்டுத் தூளாகிறது. எங்கள் டயரிலிருந்து கொட்டிய டீத்தூள் அப்படி வந்ததுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். 80 கி.மீ. என்பது எல்லாருக்கும் எழுதிக் கொடுத்த உத்தரவாதம் இல்லை. எடை கூடினால் வளைவு கூடும். பழைய பிஎம்டபிள்யூ கையேடுகளில் இதைப் பிரித்தே போட்டிருந்தார்கள். ஓரிருவர், சாமான் இல்லை என்றால் சுமார் 250 கி.மீ. இரண்டு பேரும் நிறையச் சாமானும், அல்லது சாமான் இல்லாமல் நாலு பேர் என்றால் 150. நாலு பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் 50 மட்டும். பிற்காலக் கையேடுகள் பொதுவாக 80 என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. 250 என்ற எண்ணைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது நாம் இருப்பது அந்தக் கடைசி வகையில். அதுவும் மே மாதத்து மதியத் தார் ரோட்டில் போகிறோம் என்றால் நான் 50-ஐக்கூட முழுதாக நம்ப மாட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத பஞ்சர்

மச்சினன் இறங்கிப் பார்த்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றானே, அவன் பார்வையில் தப்பில்லை. சாதாரண டயரில் காற்று குறைந்தால் அடிப்பகுதி தொப்பை போட்டு உட்காரும். ரன்-ஃபிளாட்டில் சைடுவால் விறைப்பாக இருப்பதால் பாதிக் காற்று போனாலும் வித்தியாசம் தெரியாது. முழுதாகப் போன பிறகும், அதுவும் இருட்டில், பழகாத கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. காலால் உதைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை.

அதனால்தான் இந்த டயர்களோடு டயர் அழுத்தக் கண்காணிப்பு, அதாவது டிபிஎம்எஸ், சேர்ந்தே வருகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வழக்கமாக வால்வோடு சேர்த்து, ஒரு சென்சார் இருக்கும். எந்த டயரில் எத்தனை பிஎஸ்ஐ என்று திரையில் எண்ணாகவே காட்டிவிடும். இன்னொன்றில் டயருக்குள் எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை வைத்து, நான்கு சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். காற்று குறைந்த டயரின் சுற்றளவு ஒரு துளி குறையும், ஆகவே அது மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதை வைத்துக் கண்டுபிடிக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் லைட்டைப் போடுமே தவிர எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லாது. எங்கள் வண்டியில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. காற்றடித்த பிறகு காரின் மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும். அப்போது இருக்கும் நிலையைத்தான் 'சரியான நிலை' என்று அது மனப்பாடம் செய்துகொள்ளும். காற்று குறைந்திருக்கும்போதே, லைட் அணைந்தால் போதும் என்று ரீசெட் அழுத்திவிட்டால் குறைந்த காற்றையே சரி என்று நம்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். பழைய கார் வாங்குபவர்கள் வாங்கிய அன்றே நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, பிறகு ரீசெட் செய்வது நல்லது.

சென்சார் கோளாறு என்று நான் சொன்னேன் அல்லவா, அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. பல கார்களில் கோளாறு என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அந்த லைட் ஒரு நிமிடம் போல விட்டு விட்டு மின்னி, அப்புறம்தான் நிலையாக எரியும். மின்னாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

ரோட்டோரத்தில் செய்ய வேண்டியது

லைட் எரிந்ததும் பதறிப் பிரேக்கை மிதிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். வேகம் 80-க்குக் கீழே வரட்டும். 60 இன்னும் நல்லது, விநாடிக்கு எட்டு மடக்குதான். காற்று போன டயர் பின்னால் இருந்தால் திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் விலகப் பார்க்கும், முன்னால் இருந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் பிடித்தால் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். ஆகவே முன்னால் போகும் வண்டியோடு வழக்கத்தைவிட அதிக இடைவெளி.

அடுத்தது, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்: மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுத்தால்கூடப் போதும், நேரமும் சேர்ந்து பதிவாகிவிடும். டயருக்குள் என்ன சேதம் நடந்தது என்பதற்கு வெளியே சாட்சி எதுவும் இருக்காது. எவ்வளவு தூரம், என்ன வேகம், எவ்வளவு காற்று இருந்தது என்பதுதான் சாட்சி. இன்னும் எவ்வளவு போகலாம் என்று தீர்மானிக்கவும் அந்த எண் வேண்டும், நாளைக்கு டயரை ஒட்டலாமா தூக்கிப் போடலாமா என்று தீர்மானிக்கவும் அதே எண் வேண்டும்.

பெட்ரோல் பங்க், டோல் பிளாசா, அகலமான ஓரம் என்று வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வண்டி ஓடும் நிலையில் இருப்பதால் லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையில் ரன்-ஃபிளாட்டின் பெரிய லாபமே இதுதான். இரவில், மழையில், நாலு வழிச்சாலையின் ஓரத்தில், ஜாக்கி போட்டு உட்காராமல் தப்பிக்கிறோம். நெடுஞ்சாலையில் ஸ்டெப்னி மாற்றும்போது பின்னால் வந்த வண்டி மோதிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருப்போம்.

நிறுத்திய பிறகு டார்ச் அடித்து நான்கு டயரையும் சுற்றிப் பாருங்கள். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள், அதுதான் இப்போது மூடி. சைடுவாலில் வெட்டோ, கிழிசலோ, பலூன் போலப் புடைப்போ இருந்தால், அல்லது ரிம் நெளிந்திருந்தால், கதை முடிந்தது. எண்பதுக்கு எண்பது என்பது ஆணி குத்திய டயருக்குத்தான். எடையைத் தாங்க வேண்டிய சுவரே போனபின் எதை நம்பி ஓட்டுவது? லாரி வரவழைப்பதுதான் வழி. தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033-க்கு அழைக்கலாம். கார் நிறுவனமோ காப்பீடோ தரும் சாலை உதவி இருந்தால் அதையும் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுக்காமல் மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

சுவர் நன்றாக இருந்தால் காற்றை அளந்து பாருங்கள். இங்கேதான் பலர் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். சின்ன ஆணி குத்தினால் காற்று ஒரே மூச்சில் போய்விடாது, மெல்லத்தான் கசியும். லைட் எரியும்போது டயரில் இன்னும் 24, 25 பிஎஸ்ஐ இருக்கலாம். அந்த நிலையில் காற்றடித்துக்கொண்டால் அது சாதாரணமாகவே ஓடும், எண்பது கணக்கே ஆரம்பிக்காது. 20 கி.மீ. போய் மறுபடி அளந்து, குறைந்திருந்தால் மறுபடி அடித்துக்கொண்டு ஊர் வந்து சேரலாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகிக் காற்றடிக்கும் சின்ன பம்பு ஒன்று டிக்கியில் கிடந்தால் போதும். ரன்-ஃபிளாட் வைத்திருப்பவருக்கு அதைவிட உபயோகமான பொருள் கிடையாது. திண்டிவனத்தில் மச்சினனிடம் அது இருந்திருந்தால் டீத்தூள் பார்த்திருக்க மாட்டோம்.

காற்று சுத்தமாக இல்லையென்றால் எங்கே போவது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். முதலில் வரும் பஞ்சர் கடை இதற்கு உதவாது. இந்த டயரின் விறைப்பான சுவரைக் கடப்பாறை போட்டு நெம்பினால் விளிம்பு சேதமாகும், உள்ளே சென்சார் இருந்தால் அதுவும் உடையும். டயரை அமுக்கிப் பிடிக்கும் துணைக் கை உள்ள இயந்திரம் வைத்திருக்கும் பெரிய டயர் கடைக்குத்தான் போக வேண்டும். அது 80 கி.மீ.க்குள், எடையைப் பொறுத்து அதற்கும் குறைவான தூரத்தில், இருக்கிறதா என்று போனில் பாருங்கள். திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு இருபது கி.மீ. ஓட்டிப் போய்ப் பூட்டிய ஷட்டர் முன்னால் நிற்பதைவிட, பக்கத்து ஊரில் அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் அந்த இருபதை ஓட்டுவது மேல்.

போகும் வழியில் அதிர்வு, தடதட சத்தம், கருகல் வாடை இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால், கணக்குப்படி இன்னும் எவ்வளவு மிச்சமிருந்தாலும் உடனே நிறுத்துங்கள். டயர் பிய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒட்டலாமா, கூடாதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. டயர் நிறுவனங்களே ஒத்துப்போவதில்லை. சில நிறுவனங்கள் ரன்-ஃபிளாட்டை ஒட்டவே வேண்டாம் என்கின்றன. சில, காற்றில்லாமல் ஓட்டாதவரை, பட்டன் பகுதியில் சின்ன ஓட்டை என்றால் முறைப்படி ஒட்டலாம் என்கின்றன. ஆகவே முதலில் உங்கள் டயர் யாருடையது, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒட்ட அனுமதி இருக்கும் டயராகவே இருக்கட்டும். அதை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியிலிருந்து துளையில் பிசின் தடவிய பட்டியைக் குத்திச் செருகுவது நம் ஊரில் பத்து நிமிட வேலை, செலவும் குறைவு. சாதாரண டயருக்கே அது தற்காலிக ஏற்பாடுதான். ரன்-ஃபிளாட்டில் அது ஆபத்தும்கூட. ஓட்டை அடைபடும், காற்று நிற்கும், லைட் அணையும், உள்ளே அரைபட்ட சுவர் அப்படியே இருக்கும். அடுத்த முறை நூறில் போகும்போது அது தன் குணத்தைக் காட்டும்.

கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்? தூள் இருக்கிறதா என்பதுதான் முதலில். அடுத்து, உட்சுவரைச் சுற்றிலும் வளையமாகச் சுருக்கம் விழுந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் புது டயர்தான். எதுவும் இல்லை, ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள், அதுவும் பட்டனில் என்றால், உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போட்டுக்கொள்ளலாம். காளான் போலத் தண்டு துளையை அடைக்கும், குடை உட்புறம் ஒட்டிக்கொள்ளும். இங்கே கடைக்காரர் கேட்கப்போகும் கேள்விக்குத்தான் அந்தக் கிலோமீட்டர் எண். "இருபத்தஞ்சு பிஎஸ்ஐ-யில லைட் வந்தது, மூணு கிலோமீட்டர்ல நிறுத்திட்டேன்" என்று சொல்ல முடிந்தவருக்கும், "தெரியலைங்க" என்பவருக்கும் நடுவில் ஒரு முழு டயரின் விலை நிற்கிறது. எங்களுக்கு அது மச்சினனின் ஒரு மாத வீட்டு வாடகையைத் தொட்டது.

கைமாறி வந்த கார் என்றால்

ரன்-ஃபிளாட் விலை அதிகம், சவாரி கொஞ்சம் முரடு, குண்டும் குழியுமான ரோட்டில் அடி நேராக ரிம்முக்குப் போகும். இதெல்லாம் பிடிக்காமல் முந்தைய உரிமையாளர் நான்கையும் சாதாரண டயராக மாற்றியிருக்கலாம். அது குற்றமில்லை, சொந்த அனுபவத்தில் இடுப்புக்கு நல்லதுதான். ஆனால் ரன்-ஃபிளாட்டோடு வந்த பல கார்களில் ஸ்டெப்னி கிடையாது, அதை வைக்கப் பள்ளம் கிடையாது, ஜாக்கியும் ஸ்பேனரும்கூடக் கிடையாது. இது தெரியாமல் வாங்குபவர், பஞ்சரானாலும் ஓடும் என்ற நம்பிக்கையில் சாதாரண டயரைக் காற்றே இல்லாமல் ஓட்டுவார். இதைவிட மோசமான ஏற்பாடு வேறு இல்லை.

ஆகவே சைடுவாலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்எஃப்டி என்று போடும். மிஷெலின் இசட்பி, அதாவது ஜீரோ பிரஷர். கான்டினென்டல் எஸ்எஸ்ஆர், குட்இயர் ஆர்ஓஎஃப், டன்லப் டிஎஸ்எஸ்டி, ஹான்கூக் எச்ஆர்எஸ். பிரெல்லியில் ரன் ஃபிளாட் என்றே இருக்கும். பிஎம்டபிள்யூ டயர்களில் இருக்கும் நட்சத்திரக் குறியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அந்தக் காருக்காக ஒப்புதல் பெற்ற டயர் என்பதற்கான அடையாளம், ரன்-ஃபிளாட் என்பதற்கு இல்லை. ஆணி குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும் டயர்களும் இருக்கின்றன. உட்புறம் பிசின் பூசியிருப்பார்கள். அவையும் வேறு சாதி, காற்று போனால் அவற்றால் வண்டியைத் தாங்க முடியாது.

இரண்டு டயர் ரன்-ஃபிளாட், இரண்டு சாதாரணம் என்று கலந்து மாட்டியிருந்தால் ஒரே மாதிரியாக மாற்றிவிடுங்கள். விறைப்பு வேறுபட்டால் திருப்பத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. நான்கும் சாதாரணம் என்றால் பம்பும் பஞ்சர் கிட்டும் வண்டியில் இருக்கட்டும். 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, 3.5 டன் வரையுள்ள வண்டியில் டியூப்லெஸ் டயரும் டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. சட்டத்துக்கு அது போதும். சைடுவால் கிழிந்தால் பஞ்சர் கிட் ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம். நீண்ட பயணத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு மெல்லிய தற்காலிக ஸ்டெப்னியும் ஜாக்கியும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். கொஞ்சம் இடம் போகும், பரவாயில்லை.

போன மாதம் மச்சினன் மறுபடி போன் செய்தான். இந்த முறை மதியம், செங்கல்பட்டுப் பக்கம். ஹலோகூடச் சொல்லாமல், "மாமா, 61,408" என்றான். லைட் எரிந்திருக்கிறது. இரண்டு கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி அளந்தான், 26 பிஎஸ்ஐ. காற்றடித்துக்கொண்டு, அறுபதில் உருட்டி வந்து, வழியில் ஒரு முறை மறுபடி அளந்து, தாம்பரத்தில் அதே கடைக்கு வந்துவிட்டான். நானும் போயிருந்தேன். கடைக்காரர் டயரைப் பிரித்தார், உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு வெள்ளைத் துணியை எடுத்துச் சுவரைச் சுற்றிலும் அழுத்தித் துடைத்தார். துணியைத் திருப்பி எங்களிடம் காட்டினார். தூள் இல்லை. இந்தக் கம்பெனி டயரை ஒட்டலாம் என்று சொல்லிவிட்டு மஷ்ரூம் பேட்ச் எடுக்க உள்ளே போனார்.